நகராட்சி ரசீது கையில் இருக்கிறது, பட்டாசுக் கடை போடலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது ஒரு சிறிய நகராட்சியில். கீழே ஃபேன்ஸி ஸ்டோர், மாடியில் வீடு. 5 வருடமாகத் தெருப் பெண்கள் 40 பேரைச் சேர்த்துப் பட்டாசுச் சீட்டு நடத்தி, மொத்தக் கடையில் வாங்கி வந்து, வீட்டிலேயே பெட்டி கட்டிக் கொடுக்கிறேன். இந்த வருடம் கடையாகவே போட்டுவிடலாம் என்று வீட்டை ஒட்டியிருக்கும் கொழுந்தனாரின் காலி மனையைக் கேட்டிருக்கிறேன். நகராட்சியில் பணம் கட்டி ரசீது வாங்கினால் போதும் என்று ஒருவர் சொன்னார், வாங்கிவிட்டேன். காவல் நிலையத்தில் கேட்டால் தீயணைப்பு நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் ஆட்சியர் அலுவலகம் என்கிறார்கள். யாரிடம்தான் அனுமதி வாங்குவது? மனையிலிருந்து 60 மீட்டரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அது பிரச்சினையாகுமா? வெறும் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் மட்டும் விற்றால் உரிமமே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? வெடிக்கும் நேரத்தை எங்கள் ஊருக்கு மட்டும் நகராட்சி கொஞ்சம் கூட்டிக் கொடுக்க முடியாதா? பிளஸ் டூ படிக்கும் என் மகனும் அவன் நண்பர்களும் கடையில் நிற்கத் தயாராக இருக்கிறார்கள்.
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ரசீதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். தரை வாடகை, தொழில் வரி, வணிக உரிமக் கட்டணம் என்று ஏதாவது ஒரு தலைப்பில் பணம் வாங்கியிருப்பார்கள். பட்டாசு விற்கலாம் என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த அனுமதி நகராட்சியின் கையில் இல்லை. உங்களிடம் பேசியவர் தன் மேசையில் முடிய வேண்டியது முடிந்தது என்ற அர்த்தத்தில் 'போதும்' என்றிருப்பார். நீங்கள் எல்லாமே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டீர்கள். நான் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்த காலத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இப்படி ஒரு ரசீதை நீட்டி என்னோடு வாதாடியவர்கள் ஏராளம். யாரும் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. உங்களைப் போலவே பாதி விவரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு முதல் போட்டவர்கள்.

நமக்குப் பட்டாசு பண்டிகைச் சாமான். சட்டத்துக்கு அது வெடிபொருள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும்தான் சிவகாசி ஆலையிலிருந்து உங்கள் தெருமுனைக் கடை வரை எல்லாவற்றையும் ஆள்கின்றன. இரண்டுமே மத்திய அரசின் சட்டங்கள். தீபாவளிக்கான தற்காலிகக் கடைக்கு உரிமம் கொடுப்பது மாவட்ட நிர்வாகம். நடைமுறையில் கையெழுத்துப் போடுபவர் மாவட்ட வருவாய் அலுவலர். சென்னை, மதுரை, கோவை மாதிரி மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையரிடம் போக வேண்டும். உங்கள் நகராட்சி அப்படி ஒரு எல்லைக்குள் வராது என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்களுக்கு ஆட்சியர் அலுவலகம்தான்.

அதற்காக ஆட்சியர் அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு வெகு முன்பே, தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிப்பு வெளியிடும். கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடை வரும் இடத்தின் வரைபடம், இடம் சொந்தமானால் பத்திரம், வாடகையானால் ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம், வரி ரசீது, முகவரிச் சான்று, உரிமக் கட்டணம் கட்டிய சலான், போட்டோ என்று கேட்பார்கள். உங்கள் நகராட்சி ரசீதுக்கு வேலை வருவது இங்கேதான்: விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒரு தாளாக. அப்புறம் அந்தக் கோப்பு காவல் துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை, உள்ளாட்சி என்று கள ஆய்வுக்குப் போகும். எல்லாரிடமிருந்தும் தடையின்மை வந்தால்தான் உரிமம். உங்களை ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பியதற்குக் காரணமும் இதுதான். மூன்று பேர் சொன்னதும் சரி. எது முதலில் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தீபாவளிக்கு 20 நாள் இருக்கும்போது ஓடிப்போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, காகிதம் எளிது. உங்களுக்கு இடிக்கப்போவது இடம்.

வெடிபொருள் விதிகளில் 84-ஆவது விதி தற்காலிகக் கடைகளுக்கென்றே எழுதப்பட்டது. அரைப் பக்கம்தான் வரும். கடை, தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகையாக இருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே நுழையாதபடி மூடிப் பூட்டும் வசதி வேண்டும். இரண்டு கடைகளுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. ஒரு கடையின் வாசல் இன்னொரு கடையின் வாசலைப் பார்க்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எந்தக் கடையிலிருந்தும் 50 மீட்டருக்குள் பட்டாசு வெடித்துக் காட்டக் கூடாது. இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நீங்கள் மாட்டிக்கொள்வது இன்னொன்றில்: ஆட்கள் குடியிருக்கும், வேலை செய்யும், கூடும் கட்டடங்களிலிருந்து கடை குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, தியேட்டர், தொழிற்சாலை எல்லாம் இதில் அடக்கம்.

நீங்கள் ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது 60 மீட்டரில் இருக்கிறது, கடையைப் பொறுத்தவரை அது தடை இல்லை. தடை உங்கள் வீடுதான். மனை வீட்டை ஒட்டியே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிரவுண்டு மனையின் நட்ட நடுவில் நின்றாலும் நான்கு பக்கமும் 10 மீட்டர் தேறாது. கொழுந்தனார் சம்மதித்தாலும், நீங்கள் எத்தனை ரசீது கட்டினாலும், அந்த மனையில் இந்த விதிப்படி கடை வராது. இதை நான் சொல்வதைவிட ஆய்வுக்கு வருகிறவர் சொன்னால் இன்னும் கசக்கும், ஏனென்றால் அதற்குள் மொத்தக் கடையில் முன்பணம் கட்டியிருப்பீர்கள்.

கடைத்தெருவில் வீடுகளுக்கு நடுவிலேயே பட்டாசு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அவற்றில் சில நிரந்தர உரிமம் உள்ள கடைகள். அவற்றுக்கு 83-ஆவது விதி, கணக்கே வேறு. சிலவற்றை வருடா வருடம் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது வகையைப் பார்த்து நீங்கள் முதல் போட வேண்டாம்.

ஆய்வு எப்படி நடக்கும் என்று ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில், நேர்த்தியான வரைபடம் ஒன்று வந்தது. கடையைச் சுற்றி 'காலி இடம்', 'காலி இடம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மேற்குப் பக்கத்துக் 'காலி இடத்தில்' ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடை. அடியில் கேஸ் சிலிண்டர், மேலே வடைச் சட்டியில் எண்ணெய் கொதிக்கிறது. கடை போட நினைத்தவர் அங்கேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். "வண்டிதானே சார், அது கட்டடம் இல்லையே" என்றார். வாதம் சரிதான். ஆனால் விதியைப் படித்துவிட்டா தீ பிடிக்கிறது? அந்தக் கோப்பில் நான் மறுப்பு எழுதினேன். அடுத்த ஆண்டு அவரே நகராட்சி மைதானத்தில் கடை போட்டார். வியாபாரம் நன்றாகவே இருந்ததாகச் சொன்னார்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நகராட்சிக்கு இந்த விஷயத்தில் உண்மையான வேலை ஒன்று உண்டு என்றால் அது இடம் கொடுப்பதுதான். மைதானம், வாரச்சந்தைத் திடல், பள்ளத்தை மேடாக்கிய பொட்டல் என்று ஊருக்கு வெளியே ஏதாவது ஒன்று இருக்கும். சென்னைக்குத் தீவுத்திடல் மாதிரி. அங்கே வரிசையாகக் கடை போட நகராட்சி ஏற்பாடு செய்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். செய்யவில்லை என்றால், உங்களைப் போல் கடை போட நினைக்கும் நாலைந்து பேர் சேர்ந்து நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். தண்ணீர் லாரி, காவலர், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிடும். தனியாக நீங்கள் ஒரு மூலையில் கடை போட்டால் இதில் எதுவுமே கிடைக்காது.

ஃபேன்ஸி ஸ்டோரிலேயே ஒரு மேசை போட்டு விற்கலாமே என்ற யோசனை அடுத்ததாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரக் கடைக்கு 9 முதல் 25 சதுர மீட்டர் வரை தரைப்பரப்பு, தனி வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அவசர வழி என்று பெரிய பட்டியல் இருக்கிறது. அதில் உங்களை நிறுத்தும் வரி, மேலே ஆள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே அந்தக் கடை இருக்கக் கூடாது என்பது. போதாததற்கு உங்கள் கடையில் நகப்பூச்சு, சென்ட், பிளாஸ்டிக் என்று பற்றிக்கொள்ளும் சாமான்தான் பாதி. அந்த யோசனையே வேண்டாம்.

திடலில் இடம் கிடைத்து, உரிமமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொட்டகை எதனால்? தகரம். சாமியானாத் துணி கூடாது, கீற்று கூடாது, வெயில் தாங்கவில்லை என்று மேலே தார்ப்பாய் போடுவதும் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் கடைக்குள்ளும் பாதுகாப்பு இடைவெளிக்குள்ளும் வரக் கூடாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. ஒவ்வொரு வரிசைக் கடைகளுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். இந்த ஒயர் விஷயத்தில் பந்தல்காரர் உங்களை ஏமாற்றுவார். தரைவழியாக ஒரு கறுப்பு ஒயரை இழுத்து, நடுவில் முறுக்கி, டேப் சுற்றி, "ஒன்றும் ஆகாதுக்கா" என்பார். அந்த முறுக்கைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். கூட்டத்தில் ஆயிரம் கால்கள் அதை மிதிக்கும். மாலை 6 மணிக்கு டேப் நகர்ந்திருக்கும். ஒயர் துண்டு போடாமல் ஒரே நீளமாக வர வேண்டும், காலில் படாத உயரத்தில் வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிப் பணம் கொடுங்கள். செல்போன் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும் என்று மகன் கேட்பான். கடைக்கு வெளியே போய் எங்காவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவுக் காவல் இன்னொன்று. சரக்குத் திருட்டுப் போகுமே என்று கடைக்குள்ளேயே யாரையாவது படுக்க வைப்பார்கள். திறந்த திடல், ஐப்பசி மாதம், கொசு பிடுங்கும். படுத்தவர் என்ன செய்வார்? கொசுவர்த்தி ஏற்றுவார். அதன் சிவந்த முனை பட்டாசுத் திரிக்குப் போதும். ஒரு திடலில் விடியற்காலை சோதனைக்குப் போனபோது, புஸ்வாணப் பெட்டி மேல் ஒரு கொசுவர்த்தி பாதி எரிந்து தானாகவே அணைந்திருந்ததைப் பார்த்தேன். சாம்பல் வளையம் கலையாமல் பெட்டி மேலேயே கிடந்தது. அணைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. காவலுக்கு ஆள் வேண்டுமானால் எல்லாக் கடைக்காரர்களும் சேர்ந்து ஒருவரை வெளியே தள்ளி உட்கார வையுங்கள். கடைக்குள் யாரும் தூங்கக் கூடாது. கடை திறக்கிற அன்று கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதையும் வீட்டுச் சாமி அறையிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வாளிகளில் மணலும் தண்ணீரும், ஆய்வின்போது சொல்லும் வகைத் தீயணைப்பான், எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில், கடையின் வாசல் பக்கம். பின்னால் வைத்தால் தீ பிடித்தபோது அதைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். சரக்கைப் பாதையில் அடுக்காதீர்கள். உரிமத்தில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட உள்ளே வேண்டாம்.

இனி நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயம். 5 வருடமாக 40 வீட்டுப் பட்டாசை உங்கள் மாடி வீட்டில் வைத்துப் பெட்டி கட்டுகிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பிள்ளைகள் வெடிக்க ஒரு பெட்டி வாங்கி வைப்பது வேறு. பணம் வாங்கிக்கொண்டு பிறருக்குக் கொடுக்கச் சரக்கை வைத்திருப்பது சட்டப்படி உரிமம் இல்லாத வைப்பும் விற்பனையும். சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். இதுவரை எதுவும் நடக்கவில்லை என்று சொல்வீர்கள், தெரியும். 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைத்தெருவில் இருந்த ஒரு பட்டாசுக் கடை பற்றியெரிந்து உயிர்கள் போயின. அக்கம்பக்கத்துக் கடைகளும் சேர்ந்து எரிந்தன. அதற்கு முந்தைய நாள் வரை அந்தத் தெருவிலும் எதுவும் நடக்கவில்லை. உங்கள் வீட்டில் சமையல் கேஸ் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், இறங்க ஒரே படிக்கட்டு, அந்தப் படிக்கட்டுக்குக் கீழே நகப்பூச்சும் சென்ட்டும். நான் தீயணைப்பு வண்டியில் வந்து இறங்கினால் எங்கே ஏணி வைப்பேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருடச் சீட்டுக்குப் பணம் வாங்கியிருப்பீர்கள். சரக்கை வீட்டுக்குக் கொண்டு வராமல், உரிமம் உள்ள மொத்தக் கடையிலேயே 40 பெட்டியும் கட்டச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து அவரவர் போய் வாங்கிக்கொள்ளச் செய்யுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, பார்சலில் போடுவது, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது எதுவும் வேண்டாம். இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் பயணிகள் பட்டாசு எடுத்துப் போகக் கூடாது. சீட்டு நடத்துவதற்கே தனிச் சட்டம் இருக்கிறது. அது என் துறை இல்லை, நல்ல வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

கம்பி மத்தாப்பு மட்டும் விற்றால் உரிமம் வேண்டாம் என்பது கதை. கம்பி மத்தாப்பும் அதே விதிகளுக்குள்தான் வருகிறது. சத்தம் போடாததால் அது சாது என்று நினைக்கிறோம். எரியும் மத்தாப்பின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி சுடும். குழந்தைகள் காலை வைப்பது அந்தக் கம்பியில்தான். மத்தாப்பு வாங்குகிறவர்களிடம் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைக்கச் சொல்லி விற்றுப் பாருங்கள், உங்கள் கடைக்கே அது பேராக இருக்கும்.

மகன் விஷயம். பிளஸ் டூ என்றால் 17 வயது இருக்கும். 18 நிரம்பாதவர்களை இந்த வேலையில் வைக்கக் கூடாது. அவன் நண்பர்களும் அப்படித்தான். 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் தீ பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். தீபாவளி நேரத்தில் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள் அவர்களில் பலர். உங்கள் மகன் கணக்கு எழுத ஆசைப்பட்டால் வீட்டில் உட்கார்ந்து எழுதட்டும்.

சரக்கு எடுக்கும்போது பசுமைப் பட்டாசு முத்திரை இருக்கிறதா, தயாரித்தவரின் பெயர் இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நீரி என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வகம் உருவாக்கிய கலவையில் செய்தவை அவை. புகைத் தூசியை ஏறத்தாழ 30 சதவீதம் குறைப்பதுதான் அதன் கணக்கு. ஆகவே 'பசுமை' என்றால் புகையே வராது என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். சரவெடி கேட்டு வருவார்கள். ஆயிரம் வாலா இல்லாமல் என்ன தீபாவளி என்பார்கள். ஒன்றோடொன்று பின்னிய சரவெடிக்கும், பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தடை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி அழுத்திச் சொன்னது. சந்தையில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான். உங்கள் கடையில் பறிமுதல் நடந்தால் அந்த மொத்தக் கடைக்காரர் உங்களுக்காக வந்து நிற்க மாட்டார்.

நேரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றது. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் வெடி வைக்கிற ஊர் நம்முடையது. தமிழக அரசு உடனே நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வாரத்தில், 30-ஆம் தேதி, நேரத்தை நீங்களே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நாளுக்கு 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தம் வந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நாம் பழகிய கணக்கு அப்படி வந்ததுதான். நேரத்தைப் பிரித்து வைத்தது மாநில அரசு, உச்சவரம்பு நீதிமன்றத்தினுடையது. உங்கள் நகராட்சி தீர்மானமே போட்டாலும் 5 நிமிடம்கூடக் கூட்ட முடியாது. சத்தமுள்ள பட்டாசை இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது என்பது 2005-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் தடை.

ஆனால் குறைக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும். பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக அவர்கள் பட்டாசே வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பட்டாசு விற்கப் போகிற உங்களிடம் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஆஸ்பத்திரி இப்போது திரும்ப வருகிறது.

கடைக்கு 50 மீட்டர். வெடிப்பதற்கு 100 மீட்டர். ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலி மாசு விதிகளின்படி அங்கே சத்தமுள்ள பட்டாசை வெடிக்கவே கூடாது, இரவு 7 முதல் 8 என்ற அந்த நேரத்திலும்கூட. மனையிலிருந்து 60 மீட்டர் என்றால் உங்கள் வீடும் தெருவில் பாதியும் அந்த வட்டத்துக்குள்தான் வரும். இத்தனை வருடம் அங்கே வெடித்திருப்பீர்கள், உள்ளே படுத்திருந்தவர்கள் புகார் சொல்ல எழுந்து வந்திருக்க மாட்டார்கள். உங்கள் சீட்டுக்காரர்கள் 40 பேருக்கும் டோக்கன் கொடுக்கும்போதே, எந்த விளக்குக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் வெடிக்கக் கூடாது என்று அடையாளம் காட்டிவிடுங்கள். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டால் இன்னும் நல்லது. நகராட்சி சுகாதார அலுவலரைக் கேட்டால் பலகை வைக்க ஏற்பாடு செய்வார். குப்பையையும் அவரிடமே பேசிவிடுங்கள். பட்டாசுக் குப்பையை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். சென்னை மாநகராட்சி அதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. உங்கள் ஊரில் எந்த வண்டி, எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை விண்ணப்பத்தை மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தில் மேல்முறையீடு உண்டு, ஆனால் அது முடிவதற்குள் பொங்கல் வந்துவிடும். ஆகவே மறுக்க முடியாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகக் கடை போடுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் நஷ்டப்படுகிறார்கள். தற்காலிக உரிமத்தில் முடியும் தேதி போட்டிருக்கும். அதற்கு மறுநாள் உங்களிடம் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் உரிமம் இல்லாத சரக்கு. மழை பெய்தால் பாதிச் சரக்கு நின்றுவிடும், ஐப்பசியில் மழை பெய்யும். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக மொத்தக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். எத்தனை நாளுக்குள், பெட்டி பிரிக்காததற்கு எவ்வளவு கழிவு, ஏற்றிப்போக அவர் வண்டியா உங்கள் வண்டியா என்பது வரை அதில் இருக்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்று சொல்லும் கடையில் சரக்கு எடுக்காதீர்கள். கார்த்திகைக்கு ஆகும் என்று நாலு பெட்டியை மாடிக்கு ஏற்ற வீட்டுக்காரர் முனைவார். அவரை நீங்கள்தான் படிக்கட்டிலேயே நிறுத்த வேண்டும்.